ஃபான்ட் மேல் பழி போடுமுன் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

பர்மாவின் மோல்மேனிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. பழைய மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் போட்டீர்கள். கோயில் திருவிழா அறிக்கையை லிப்ரே ஆபீஸ் சொல்செயலியில் திறந்தால் தமிழ் எழுத்து மங்கித் தெரிகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு வரியில் நெருக்கம், அடுத்த வரியில் அகலம். பர்மிய மொழி கலந்த வரிகள் மட்டும் உயரமாக நிற்கின்றன. தலைப்பில் சுழிகள் அடைத்துக்கொண்டு கருப்புத் திட்டாகிவிட்டன. நண்பரின் விண்டோஸில் அதே கோப்பு ஒழுங்காக இருக்கிறது. "லினக்ஸில் தமிழ் இவ்வளவுதானா, எந்த ஃபான்ட் போட்டால் சரியாகும்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கேள்வி ஃபான்டைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே கோப்பு இரண்டு கணினியில் ஏன் இரண்டு விதமாகத் தெரிகிறது என்பதைத்தான். அது புரியாமல் ஃபான்ட் மாற்றிக்கொண்டே போனால் ஒரு குறை போய் இன்னொன்று வரும். நான் ரங்கூனில் ஈய எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவரிடம் தொழில் கற்று, பிறகு கணினியில் பக்கம் அமைக்கும் வேலைக்கு வந்தவன். இருபது வருடத்துக்கு மேல் தமிழையும் பர்மியத்தையும் ஒரே தாளில் உட்கார வைப்பதுதான் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன நான்கு குறைக்கும் நான்கு வேறு காரணங்கள். லினக்ஸுக்குத் தமிழ் வராது என்பது அவற்றில் ஒன்றல்ல.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். புதுப் பக்கத்தில் "ஸ்ரீ கொடி பௌர்ணமி மணமகன் கூழ்" என்று தட்டி, 72 பாயிண்ட் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அந்த அளவிலும் ஸ்ரீ உடைந்து ஸ், ரீ என்று தனித்தனியாக நின்றாலோ, கொம்பு எழுத்தை விட்டு விலகி நின்றாலோ, வெறும் புள்ளி வட்டம் ஒன்று முளைத்தாலோ, அது எழுத்தைக் கோக்கும் இடத்தில் வந்த பிழை. பெரிதாக்கியதும் எல்லாம் அழகாக வந்துவிட்டால் கோப்பதில் குறையில்லை, திரையில் புள்ளி வைப்பதில்தான் குறை. அடுத்து அதையே பிடிஎஃப் ஆக்கி 400 சதவீதத்தில் பாருங்கள். அங்கே இடைவெளி சீராக இருந்தால் தாளிலும் சீராகவே வரும். நீங்கள் திரையில் கண்ட நெருக்கம் வெறும் தோற்றம். பிடிஎஃபிலும் கோணலாக இருந்தால் அது பக்க அமைப்பின் பிழை, அச்சிலும் அப்படியே விழும். இந்த இரண்டையும் பார்க்காமல் யார் என்ன மருந்து சொன்னாலும் கேட்காதீர்கள்.

கோப்பது என்று நான் சொல்வது இதைத்தான். "கொ" என்று நீங்கள் தட்டும்போது கோப்பில் சேர்வது முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது தனியாக ஒரு மென்பொருள். லினக்ஸில் அதன் பெயர் ஹார்ஃப்பஸ். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. லிப்ரே ஆபீஸ் 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதையே வைத்திருக்கிறது. ஆகவே ஒரே ஃபான்ட் இருந்தால் உங்கள் உபுண்டுவிலும் நண்பரின் விண்டோஸிலும் லிப்ரே ஆபீஸ் எழுத்தைக் கோக்கும் விதம் ஒன்றுதான். இது எனக்கு உறுதியாகத் தெரியும்.

புள்ளி வட்டம் வருகிறது என்றால் பெரும்பாலும் தட்டியவர் கையில்தான் காரணம் இருக்கும். பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுவார்கள். பொறிக்கு அது சரி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் கொம்பு தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடுதான் சேரும். முன்னால் எழுத்தே இல்லாவிட்டால் வட்டம் போட்டுக் காட்டும். அந்த வட்டம் இல்லாத சில ஃபான்ட்களில் கொம்பு சும்மா நின்று, பார்வைக்குச் சரியாகவே தெரியும். ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, வேறு கணினியில் திறந்தால் உடையும். அதேபோல ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டி "பெளர்ணமி" என்று வைப்பவர்கள் ஏராளம். இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும்.

உங்கள் கோயிலில் பழைய கோப்புகள் பாமினி ஃபான்டில் இருக்கலாம் என்றும் ஓர் ஐயம் உண்டு. பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம் மட்டும்தான். ஃபான்ட் இல்லாத கணினியில் வேஷம் கலைந்து ஆங்கிலக் குவியல் தெரியும். இன்னொரு தொல்லையும் உண்டு. சொல்செயலி வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும்போது, சின்ன ஜேயில் இருக்கும் த, பெரிய ஜேயில் இருக்கும் துவாக மாறி, "தமிழ்" என்பது "துமிழ்" ஆகிவிடும். பர்மியத்தில் சாவ்ஜி என்ற பழைய ஃபான்டோடு நாம் பட்டதும் ஏறக்குறைய இதே பாடுதான். மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய எண்களிலும் பர்மிய எழுத்தின் துண்டுகளை வைத்தார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்து நாடே யூனிகோடுக்கு மாற வேண்டியதாயிற்று. நம் கோயில்களிலும் பழைய கோப்புகளை ஒருநாள் உட்கார்ந்து மாற்றித்தான் ஆக வேண்டும். கோப்பின் எண்கள் தவறாக இருக்கும்போது எந்த ஃபான்டும் கைகொடுக்காது.

மங்கலுக்கு வருகிறேன். உங்கள் மடிக்கணினி 15.6 அங்குலத் திரை, 1366க்கு 768 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சல். லேசர் அச்சுப்பொறி ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும். அதே சதுர அங்குலத்தில் தாளில் 36 மடங்கு புள்ளிகள். 10 பாயிண்ட் எழுத்தைத் திரையில் 100 சதவீதத்தில் காட்ட ஏறக்குறைய 13 பிக்சல் உயரம்தான் கிடைக்கிறது. அதற்குள் மேலே விலங்கு, நடுவில் உடல், கீழே உகரக் கோடு எல்லாம் அடங்க வேண்டும். மூன்று சுழி ணகரத்தை அந்த அளவில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: சுழிக்கு உள்ளே வெள்ளை இருக்க வேண்டிய இடம் ஒரே ஒரு பிக்சல், அதுவும் சாம்பல் நிறத்தில். மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு பிக்சலாகச் சுருங்கி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் நேர்கோடுகள், அதனால் அதே அளவில் அது தப்பித்துக்கொள்கிறது. தமிழ் முழுக்க வளைவு. அதனால் திரையில் வேலை செய்யும்போது காட்சியை 150 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 37ஆம் தெருப் பக்கம் ஓர் அச்சகத்தில் இருந்தபோது ஒரு கல்யாணப் பத்திரிகை அமைத்தேன். "மணமகன்" என்பது "மனமகன்" என்று விழுந்திருந்தது. திரையில் நானும் பார்த்தேன், பெண் வீட்டுக்காரரும் பார்த்தார், இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. 400 பத்திரிகை அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான் அவருடைய தாயார், கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர், முதல் பார்வையிலேயே விரலை வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து 200 சதவீதத்தில் ஒருமுறை படிக்காமல் எந்தத் தாளையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த அறிக்கைகளும் பத்திரிகைகளும்தான் கையில் கிடைக்கும் தமிழ். அதில் ணவும் னவும் குழம்பினால் அதையே சரி என்று படித்துக்கொள்வார்கள்.

திரை அமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது, தெளிவளவு (ரெசல்யூஷன்) 1366க்கு 768 என்றே இருக்கிறதா என்பது. தட்டைத் திரையில் வேறு எந்த அளவு வைத்தாலும் படத்தை இழுத்துக் காட்டும், எல்லாமே மங்கும். இரண்டாவது, 125 சதவீதம் என்று பெரிதாக்கி வைத்திருக்கிறீர்களா என்பது. முழு எண் அல்லாத பெருக்கத்தில் சில நிரல்கள் படத்தை வரைந்துவிட்டுப் பிறகு இழுக்கவோ சுருக்கவோ செய்கின்றன. அங்கே கூர்மை போய்விடும். பெருக்கத்தை 100க்கே கொண்டுவந்து, ட்வீக்ஸ் என்ற நிரலில் எழுத்தின் அளவை மட்டும் 1.15 அல்லது 1.2 என்று ஏற்றுங்கள். அப்போது எழுத்து நேராகவே அந்த அளவில் வரையப்படும்.

அதே ட்வீக்ஸில் ஹின்டிங் என்று ஒன்று இருக்கும். எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு ஒட்டவைக்கும் வேலை அது. முழு ஹின்டிங் வைத்தால் ஆங்கிலம் கத்தி போல நிற்கும், தமிழ் வளைவுகள் இழுபட்டுக் கோணும். என் அனுபவத்தில் தமிழுக்கு ஏற்றது ஸ்லைட் என்ற மென்மையான அமைப்பு. அது மேல்கீழாக மட்டும் திருத்தும், அகலத்தைத் தொடாது. பக்கத்திலேயே சப்பிக்சல் என்று இருப்பது, ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்குவது. 100 பிக்சல் திரையில் அது பலருக்கு நன்மை செய்கிறது, சிலருக்கு எழுத்தோரத்தில் நிறம் கசிவது உறுத்தும். உங்கள் கண்தான் நீதிபதி. புதிய நிரல்கள் சிலவற்றில் இந்த அமைப்பு எடுபடாது. 2020இல் வந்த ஜிடிகே 4 என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் சப்பிக்சல் முறையை விட்டுவிட்டன, அவற்றில் எழுத்து சற்று மென்மையாகவே தெரியும். உங்கள் கணினியில் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் எழுத்தை வரையும் மென்பொருளான ஃப்ரீடைப்பைத் திரும்பத் தொகுக்கச் சொல்லும் பழைய குறிப்புகளையும், இன்ஃபினாலிட்டி என்ற ஒட்டுப் பொதியைப் போடச் சொல்லும் குறிப்புகளையும் பின்பற்றாதீர்கள். அவற்றுக்குக் காரணமாக இருந்த காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. 2016இல் வந்த ஃப்ரீடைப் 2.7 அந்த ஒட்டின் நல்ல பகுதியைத் தன்னுள்ளே எடுத்துக்கொண்டது.

தலைப்பில் சுழி அடைத்துக்கொண்டதற்குக் காரணம் அநேகமாக லோஹித் தமிழ் என்ற ஃபான்ட். அந்தக் குடும்பத்தில் தடித்த வடிவம் கிடையாது, சாதாரண வடிவம் ஒன்றுதான். நீங்கள் போல்டு அழுத்தினால் மென்பொருள் அதே எழுத்தைச் சுற்றிலும் மை தடவிப் பருமனாக்குகிறது. கோடு பருத்தால் சுழிக்குள் இடம் ஏது? தனித் தடித்த வடிவம் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழோ நோட்டோ செரிஃப் தமிழோ போடுங்கள். அவற்றில் தடித்த எழுத்தின் சுழியை அகலமாகவே வரைந்திருப்பார்கள். சாய்வெழுத்துப் பொத்தானைத் தமிழுக்குத் தொடவே தொடாதீர்கள்.

இனி இடைவெளி. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், ஏனென்றால் இது நம் ஊருக்கே உரிய சிக்கல். நண்பர் கோப்பை லதாவில் அமைத்திருப்பார். லதா 2000ஆம் ஆண்டு விண்டோஸோடு வந்த ஃபான்ட், அது மைக்ரோசாஃப்டின் உடைமை, உபுண்டுவில் இருக்காது. ஃபான்ட் பெயர் காட்டும் பெட்டியில் பெயர் சாய்வாகத் தெரிந்தால் அந்த ஃபான்ட் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். அப்போது லிப்ரே ஆபீஸ் கையில் கிடைத்த வேறொரு தமிழ் ஃபான்டை வைத்து ஒப்பேற்றும். லதா அகலமான எழுத்து. மாற்றாக வந்தது ஒடுங்கியதாக இருந்தால் வரி முறியும் இடம் மாறும், பக்கம் சுருங்கும். இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி நீங்கள் அமைத்திருந்தால், மிச்சமான இடம் எல்லாம் சொற்களுக்கு நடுவே போய்ச் சேரும். "நடைபெறவிருக்கின்றது" போன்ற நீளச் சொல் வரிக்கடைசியில் இடம் பற்றாமல் அடுத்த வரிக்குத் தாவினால், முந்தைய வரியில் மூன்று சொல் மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். தமிழ் அறிக்கைக்கு இடது ஓரத்தை மட்டும் சமன்செய்தால் போதும். அல்லது நீளச் சொல்லின் நடுவே கன்ட்ரோலும் கழித்தல் குறியும் சேர்த்து அழுத்தி, தேவைப்பட்டால் மட்டும் முறியும் இணைகோட்டை வையுங்கள்.

ஆனால் உங்கள் வரிகளில் நெருக்கமும் அகலமும் மாறிமாறி வருவதற்கு இன்னொரு காரணம் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். லிப்ரே ஆபீஸ் உலக எழுத்துகளை மூன்று கூடையில் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்து, சீனம் ஜப்பானியம் போன்ற கிழக்காசிய எழுத்து, சிக்கலான எழுத்து. தமிழும் பர்மியமும் விழுவது ஒரே கூடையில், மூன்றாவதில். ஒரு கூடைக்கு ஒரு ஃபான்ட்தான். பர்மியம் நன்றாக வரவேண்டும் என்று அங்கே பிதாவுங்சு என்ற பர்மிய ஃபான்டை வைத்திருந்தால், தமிழ் எழுத்து அதில் இல்லாததால் எழுத்து மட்டும் வேறு ஃபான்டிலிருந்து வரும். சொற்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடமோ பிதாவுங்சுவிலேயே இருக்கிறது, அதனால் அது அங்கிருந்து வரும். தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பர்மிய ஃபான்டின் இடைவெளி! கண்ணுக்கு ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும், காரணம் பிடிபடாது. வரி உயரமும் இதே கதைதான். பர்மியத்தில் எழுத்துக்குக் கீழே எழுத்து அடுக்கி எழுத வேண்டும், அதனால் அதன் ஃபான்ட் மேலும் கீழும் நிறைய இடம் கேட்கும். பர்மியச் சொல் ஒன்று வந்தாலே அந்த வரி எழும்பி நிற்கும்.

இதற்கு நான் செய்வது இப்படி. தமிழுக்கு ஒரு எழுத்துப் பாணி, பர்மியத்துக்கு ஒரு எழுத்துப் பாணி என்று இரண்டு உருவாக்கி, முதலாவதன் சிக்கலான எழுத்துக் கூடையில் நோட்டோ செரிஃப் தமிழும் இரண்டாவதில் பிதாவுங்சுவும் வைத்துவிடுவேன். பத்தியின் அடிப்படைப் பாணி தமிழாக இருக்கும், பர்மியச் சொற்களை மட்டும் தேர்ந்து இரண்டாவது பாணியைப் போடுவேன். பிறகு வரி உயரத்தை விகிதமாக வைக்காமல் நிலையான அளவாக வைப்பேன்: 12 பாயிண்ட் எழுத்துக்கு 20 பாயிண்ட். எல்லா வரியும் ஒரே உயரத்தில் உட்காரும். அளவை ரொம்பக் குறைத்தால் பர்மிய அடுக்கின் காலும் தமிழ் கூ, ளூ போன்றவற்றின் வாலும் அடுத்த வரியில் இடிக்கும் அல்லது வெட்டுப்படும். 18க்குக் கீழே நான் போவதில்லை. கோப்பை நண்பருக்கு அனுப்புமுன் பண்புகளில் ஃபான்ட் என்ற பக்கத்தில் ஃபான்டையும் கோப்போடு சேர்த்து வைக்கும் பெட்டியைக் குறியிடுங்கள். நோட்டோ இலவச உரிமத்தில் வந்தது, அவர் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கணினியிலும் ஒரே ஃபான்ட் இருப்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்.

பெரியவர்கள் யாராவது "ணை, லை எல்லாம் தப்பாக இருக்கிறது" என்று சொன்னால் அது உங்கள் பிழையல்ல. 1978இல் தமிழ்நாட்டரசு சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவருமுன் அவர்கள் யானைத் துதிக்கை போன்ற ஐகாரத்தில் படித்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு படி வேண்டுமானால் லோஹித் தமிழ் கிளாசிக்கல் ஃபான்டில் பழைய வடிவங்கள் இருக்கின்றன. கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை, ஃபான்டை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் திரையைப் பார்க்காமல் எழுதுகிறேன். கோப்பது, வரைவது, ஃபான்ட் இல்லாததால் மாறுவது, இவை நடக்கும் விதம் உறுதி. உங்கள் கோப்பில் பாமினி கலந்திருக்கிறது என்பதும், மூன்றாவது கூடையில் பர்மிய ஃபான்ட் இருக்கிறது என்பதும் நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து நான் செய்த ஊகம். மடிக்கணினி இரண்டாம் கையில் வந்தது என்கிறீர்கள். உபுண்டு போட்டுக் கொடுத்தவர் பழைய வட்டிலிருந்து சாவ்ஜியையும் சேர்த்தே ஏற்றியிருக்கவும் கூடும். உங்கள் ஹோம் அடைவில் மறைந்திருக்கும் ஃபான்ட்ஸ் அடைவைத் திறந்து பாருங்கள். சாவ்ஜி இருந்தால் எடுத்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அப்புறம் 72 பாயிண்ட் சோதனை வரியின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்), பிடிஎஃபையும், ஃபான்ட் பெட்டியில் தெரியும் பெயரையும் இங்கே போடுங்கள். திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் முதல் பக்கத்தை அனுப்பினால் நானும் 200 சதவீதத்தில் ஒருமுறை படித்துவிடுகிறேன்.